பொங்கோல் பாதையில் வெள்ளை யானை

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இருவகைப்படுத்தினார். பழிப்பினை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். முன்னதற்கு வசை என்னும் பெயரையும் அவர் சூட்டினார். இப்பகுதியை நடத்தும் தமிழாசிரியர்கள் பெரும்பாலும் காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி அமைவர். அது தக்கதே. ஆயினும், பழிகரப்பு அங்கதம் நம் காலத்தில் எவ்வாறு உயிரோடு உலவுகிறது என்று காண விரும்பும் மாணவர் நூலகத்தை விட்டு வெளியே வந்து, லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையின் பெருவிரைவு ரயிலில் ஏறிப் பொங்கோல் நோக்கிச் செல்லலாம். அங்கிருந்து எட்டாவது நிலையம் புவாங்கோக். அந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு வெள்ளை யானை உண்டு. திருத்தமாகச் சொன்னால், எட்டு வெள்ளை யானைகள் உண்டு.

புதிய பொறிகளையும் அவற்றை ஆளும் புதிய விதிகளையும் பற்றிய செய்திகள் சிங்கப்பூரில் என்றும் குறைந்ததில்லை. அச்செய்திகளைப் படித்தவர்கள் வாளா இருந்ததும் இல்லை. காலையில் அறிவிப்பு வெளிவந்தால், மாலைக்குள் காப்பிக்கடையில் அதற்கு உரையும் பதவுரையும் பிறந்துவிடும். செய்தித்தாளுக்கு மடல் எழுதும் பழக்கமும் இத்தீவில் முதியது. 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கைநேசன்’ முதலாக, 1935இல் கோ. சாரங்கபாணி நிறுவிய ‘தமிழ் முரசு’ வரை, வாசகரின் குரலுக்குத் தமிழ் இதழ்கள் இடமளித்தே வந்தன. ஆனால், மடல் என்பது வேட்டி கட்டி, மேல்துண்டு அணிந்து அவைக்கு வரும் பேச்சு. காப்பிக்கடைச் சிரிப்பு அவ்வாறு உடுத்துக்கொண்டு வருவதில்லை. அச்சிரிப்பு அச்சேறியதும், இணையமேறியதும், அதனால் சிலர் இன்னலுற்றதும், சில விதிகள் மாறியதும் ஒரு வரலாறு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி வடகிழக்குப் பாதையின் இரு முனைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது என்பது தற்செயலே எனினும் சுவையானது.

பொங்கோல் என்னும் பெயர், பழமரக் கிளைகளின்மீது கழியை எறிந்து கனியை வீழ்த்துவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். மீனவர் குடிசைகளும் கோழி, பன்றிப் பண்ணைகளும் நிறைந்திருந்த கடலோரச் சிற்றூர் அது. உலகப் போருக்கு முன்னர், இந்திய மரபினரான பசாப்பா என்னும் செல்வர் அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலையை நடத்தினார். எனவே, விலங்குகள் அவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. 1980களில் பன்றிப் பண்ணைகள் படிப்படியாக அகற்றப்பட்டன. 1996இல் பிரதமர் கோ சோக் டோங் ‘பொங்கோல் 21’ என்னும் பெயரில் அங்கே ஒரு மாதிரி நகரம் எழும் என்று அறிவித்தார். அறிவிப்பு வந்த மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீடுகளுக்கான வேட்கை தணிந்தது, கட்டுமானம் தளர்ந்தது. ஆயினும், மண்ணுக்கடியில் ரயில்பாதைப் பணி நின்றபாடில்லை. வீடு கட்டுவோர் தயங்கலாம். சுரங்கம் குடைவோர் பாதி வழியில் தயங்க இயலாது.

ஏறத்தாழ 460 கோடி வெள்ளிச் செலவில் அமைந்த அப்பாதை, 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் திறக்கப்பட்டது. 20 கிலோமீட்டர் நீளம், 16 நிலையங்கள். ஓட்டுநர் இன்றித் தானே இயங்கும் ரயில் அது. முழுவதும் நிலத்தடியில் செல்லும் இத்தகைய பெரிய பாதை உலகுக்கே புதிது. முதல் பெட்டியின் முகப்புக் கண்ணாடி அருகே நின்று, இருண்ட சுரங்கம் தம்மை நோக்கிப் பாய்ந்து வருவதைச் சிறுவர் கண்டு களித்தனர். ஆனால், 16 நிலையங்களில் 14 மட்டுமே திறந்தன. உட்லீ நிலையமும் புவாங்கோக் நிலையமும் மூடியே கிடந்தன. சுற்றிலும் போதிய குடியிருப்பு இல்லை. திறந்தால் நட்டம் என்பது இயக்குவோர் கூறிய காரணம். கணக்கின்படி அது பொருந்தும் காரணமே. ஆயினும், புவாங்கோக்கில் நிலையத்தை நம்பி வீடு வாங்கிக் குடியேறியிருந்தவர்களுக்கு அக்கணக்கு எவ்வாறு இனிக்கும்? விளக்குகளும் படிகளும் நடைமேடையும் கொண்டு, எல்லாம் முடிந்து நிற்கும் நிலையத்தின் வழியாக நில்லாமல் ஓடும் ரயிலில் அமர்ந்து, அடுத்த நிலையத்தில் இறங்கி, பேருந்தில் திரும்பி வருவது அவர்கள் விதியாயிற்று. மனு எழுதினர். மடல் எழுதினர். ஈராண்டு கழிந்தது.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், சமூக மேம்பாட்டு அமைச்சராயிருந்த டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் அவ்வட்டாரத்துக்கு வருகை தந்தார். அவர் வந்த வழியில், மூடிய நிலையத்தின் அருகே, அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் வரிசையாக நின்றன. அவற்றின்மீது வசைமொழி இல்லை. முழக்கம் எழுப்புவோரும் இல்லை. யானைகள் நின்றன, அவ்வளவே.

இவ்விடத்தில் தமிழ் மாணவர் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம். நம் மரபில் வெள்ளை யானை இழிவுக்குரியது அன்று. பாற்கடல் கடைந்தபோது தோன்றிய ஐராவதம் அது, இந்திரனின் ஊர்தி. சுந்தரமூர்த்தி நாயனார் கயிலைக்கு ஏகியது வெள்ளை யானையின்மீது. தமிழ்ப் புராணம் மட்டும் கற்ற ஒருவர் அந்த எட்டு யானைகளைக் கண்டிருந்தால், அமைச்சரை இந்திரனுக்கு ஒப்பிட்டு வரவேற்றனர் என்று மகிழ்ந்திருப்பார். மற்றப் பொருள் சயாமிலிருந்து வந்தது. சயாம் மன்னர் தாம் வெறுத்த அரசவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். புனித விலங்கு, வேலை வாங்க இயலாது, விற்கவும் இயலாது, தீனி போட்டே உடையவர் ஓட்டாண்டியாக வேண்டும். இக்கதை ஆங்கிலேயர் வாயில் விழுந்து, பெரும்பொருள் விழுங்கிப் பயன் தராது நிற்கும் எதற்கும் பெயராயிற்று. சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் 1871இல் சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாக அளித்த வெண்கல யானை, பழைய நாடாளுமன்ற மாளிகையின் முன் இன்றும் நிற்கிறது. அது வெள்ளை யானை அன்று. அதனால் எவருக்கும் செலவும் இல்லை.

ஆக, புவாங்கோக் யானைகள் இருபொருள் தந்தன. வாழ்த்து என்று கொள்ளினும் கொள்ளலாம். பழிப்பு என்று கொள்ளினும் கொள்ளலாம். காளமேகம் பாடிய சிலேடையை அட்டையில் வெட்டி நிறுத்தியது போலாயிற்று. எவரோ காவல்துறையில் முறையிட, விசாரணை தொடங்கியது. உரிமம் பெறாது பொது இடத்தில் காட்சி நிறுத்தியது குற்றமாகலாம் என்பது சட்டத்தின் நிலை. அட்டை யானைக்குக் காவல்துறை விசாரணையா என்று நாடு வியந்தது; அவ்வியப்பு செய்தித்தாள் மடல்களிலும் இடம்பெற்றது. பள்ளி மாணவியர் சிலர் யானைப் படமிட்டு, வெள்ளை யானைகளைக் காப்பாற்றுங்கள் என்னும் பொருள்பட எழுதிய சட்டைகளை விற்கத் தொடங்கினர். அவர்களுக்கும் உரிமம் பற்றிய எச்சரிக்கை சென்றது. இறுதியில் வழக்குத் தொடரப்படவில்லை. யானைகளை நிறுத்தியமைக்காக அடித்தள அமைப்பைச் சேர்ந்த ஒருவர் கடுமையாக எச்சரிக்கப்பட்டார். அவர் அரசின் எதிரி அல்லர். அவ்வட்டார மக்களுக்கும் அரசுக்கும் இடையில் பணி செய்துவந்த தொண்டர். இச்செய்தி கருதத்தக்கது. பழிகரப்பு அங்கதம் பகைவன் கையாளும் கருவி மட்டும் அன்று. மனு எழுதிச் சலித்த நண்பனும் அதனைக் கையிலெடுப்பான்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புவாங்கோக் நிலையம் திறக்கப்பட்டது. யானைகளால் திறந்ததா, குடியிருப்பு பெருகியதால் திறந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குடியிருப்புப் பெருக்கம் மெய்யே. எனினும், உட்லீ நிலையத்தின் முன் எவரும் யானை நிறுத்தவில்லை என்பதும், அந்நிலையம் 2011ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வரை மூடிக் கிடந்தது என்பதும் பதிவுக்குரியவை. உட்லீயின் சுற்றுப்புறம் அக்காலத்தில் இன்னும் வெறுமையாய் இருந்தது என்பதையும் உடன் கூறுதல் நேர்மை.

இனி, இணையத்தின் கதைக்கு வருவோம். பொதுமக்களுக்கான இணையச் சேவை சிங்கப்பூரில் 1994இல் தொடங்கியது. தமிழ் அதற்குப் பின்தங்கவில்லை. எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால், 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழ் எழுத்துகள் தோன்றின. 1997 மே மாதத்தில் தமிழ் இணையம் பற்றிய முதல் அனைத்துலகக் கருத்தரங்கு இந்நகரிலேயே கூடியது. எழுத்துரு எது, விசைப்பலகை எது என்று தமிழறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்னும் விதிகளும் வந்துவிட்டன. 1996 ஜூலையில் சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கு உரிம முறையைக் கொணர்ந்தது. நூறு தளங்கள் தடுக்கப்பட்டன. இணையத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் பெருகும்போது நூறு எம்மாத்திரம் என்று வினவியவர்களுக்கு, அது ஓர் அடையாளமே என்று ஆணையம் விடையளித்தது. கடலில் நூறு கைப்பிடி நீர் அள்ளிக் கரையில் ஊற்றிய அந்தச் செயலில், அரசே தன்னையறியாது ஒரு நகைச்சுவையை இயற்றியது எனலாம்.

பொது வாதத்துக்கென 1994இல் தோன்றிய ‘சின்டர்காம்’ தளம், பதிவு செய்துகொள்ளும் சிக்கலால் 2001இல் மூடப்பட்டது. அது நேராகப் பேச முயன்ற தளம். வெட்டிப் பேச்சு என்று பொருள்படும் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு 2000 ஆகஸ்டில் வந்த ‘டாக்கிங்காக்’ தளமோ, செய்தித்தாள் போல வேடமிட்டுச் சிரிக்க வைத்து, பல்லாண்டு நிலைத்தது. நல்ல ஆங்கிலம் பேசுக என்னும் இயக்கத்தை அரசு தொடங்கிய ஆண்டும் 2000தான். தளத்தார் 2002இல் சிங்கிலீஷுக்கு ஓர் அகராதியே அச்சிட்டு வெளியிட்டனர். சிங்கிலீஷில் தமிழுக்கும் பங்கு உண்டு. அறிவிலியைக் குறிக்க அதில் வழங்கும் ‘குண்டு’ நம் சொல்லே. அச்சொல்லில் உடற்பருமன் எங்ஙனம் அறிவின்மையாயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.

சிரிப்பும் விதியும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 2006. அவ்வாண்டு மே மாதத்தில் பொதுத் தேர்தல். ஏப்ரலில் மூத்த துணையமைச்சர் டாக்டர் பாலாஜி சதாசிவன் நாடாளுமன்றத்தில் விதியை விளக்கினார். தேர்தல் காலத்தில் அரசியல் சார்ந்த ஒலிப்பதிவுகளை இணையத்தில் வெளியிடலாகாது. அரசியல் கருத்துகளை விடாது தொடர்ந்து பரப்பும் தனியார் தளங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘விடாது தொடர்ந்து’ என்பதற்கு அவர் ஆண்ட ஆங்கிலச் சொல் ‘பெர்சிஸ்டன்ட்லி’. நாடறிந்த இணைய எழுத்தாளர் ‘மிஸ்டர் பிரவுன்’ அச்சொல்லைத் தரையில் விழவிடாமல் கையில் ஏந்திக்கொண்டார். தேர்தல் காலத்தில் அவரும் அவர்தம் நண்பரும் வெளியிட்ட ஒலித்தொடருக்கு ‘விடாது தொடர்ந்து அரசியல் பேசாத ஒலிபரப்பு’ என்று பெயரிட்டனர். விதியை மீறவில்லை, விதியின் சொல்லையே மகுடமாகச் சூட்டிக்கொண்டனர்.

அத்தொடரில் புகழ்பெற்றது நூடல்ஸ் கடை உரையாடல். அத்தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் ஒரு படிவத்தை அளித்தாரா, இல்லையா என்பது பெரும் பூசலாகி, கண்காணிப்புக் கேமராப் பதிவு வரை சென்றது. நாள்தோறும் செய்தித்தாளில் அதே பேச்சு. ஒலிபரப்பிலோ வேட்பாளர் இல்லை, படிவம் இல்லை, கட்சியும் இல்லை. நூடல்ஸில் ஈரல் வேண்டாம் என்று சொன்னேன் என்று சாதிக்கும் வாடிக்கையாளர் ஒருவர். சொல்லவில்லை என்று மறுக்கும் கடைக்காரர் ஒருவர். கேட்ட நாடு எதைப் புரிந்துகொள்ள வேண்டுமோ அதைப் புரிந்துகொண்டது. தொல்காப்பியர் இருந்திருந்தால், மொழி கரந்து மொழிதலுக்கு வேறு விளக்கம் தேடியிருக்க மாட்டார்.

தேர்தல் முடிந்தது. ஜூன் 30ஆம் நாள் ‘டுடே’ நாளிதழில் அதே எழுத்தாளரின் பத்தி வெளிவந்தது. தேர்தலுக்குப் பின்னர் விலைகளும் கட்டணங்களும் ஏறியதைப் பற்றியது அது. அதன் தலைப்பில் இருந்த காற்புள்ளி ஒன்று சிலேடை பயில்வோர்க்கு விருந்து. ஆங்கிலத்தில் ‘ஃபெட்’ என்றால் உணவூட்டப்பட்டோர். ‘ஃபெட் அப்’ என்றால் சலித்துப்போனோர். இரு சொற்களுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளியை வைத்ததால், சிங்கப்பூரர் உண்டு நிறைந்து முன்னேற்றத்தோடு உயர்கின்றனர் என்றும் படிக்கலாம். காற்புள்ளியை விழுங்கிவிட்டால், முன்னேற்றத்தால் சலித்துப்போயினர் என்றும் படிக்கலாம். நம் புலவர் பிரிமொழிச் சிலேடைக்குச் சொல்லைப் பிரித்துச் சேர்ப்பர். இவர் ஒரு புள்ளியைக் கொண்டே அதைச் செய்தார்.

இம்முறை விடை விரைந்து வந்தது. ஜூலை 3ஆம் நாள் தகவல் அமைச்சின் சார்பில் அதே நாளிதழில் ஒரு மறுப்பு மடல் வெளிவந்தது. நடுநிலை நோக்கர் போல் தோன்றி, மக்களிடையே அரசின் மதிப்பைக் குலைக்க முயல்பவர் ஆக்கமுறக் குறைகூறுபவர் அல்லர். அரசியலில் ஒரு கட்சியாகிவிடுகிறார் என்பது அதன் கருத்து. புனைபெயரை விட்டு வெளியே வந்து வாதிடுமாறும் அது அழைத்தது. புனைபெயர் என்றால் முகமூடி என்று தமிழ் எழுத்தாளர் கருதுவதில்லை. கல்கியையும் புதுமைப்பித்தனையும் இயற்பெயரால் அழைத்தால்தான் பலருக்கு அடையாளம் தெரியாது. மிஸ்டர் பிரவுனின் இயற்பெயரும் அன்று மறைபொருளாக இருக்கவில்லை. அவ்வாரத்திலேயே அவரது பத்தி நிறுத்தப்பட்டது. அடுத்து, முப்பது பேரளவில் பழுப்பு நிற ஆடை அணிந்து நகர மண்டப ரயில் நிலையத்தில் கூடினர். முழக்கம் இல்லை, பதாகை இல்லை. பழுப்பு ஆடை அணிவது எச்சட்டத்தின்படியும் குற்றம் அன்று. புவாங்கோக் யானைகளின் உடன்பிறப்பு அந்தப் பழுப்பு நிறம்.

ஆகஸ்ட் 20ஆம் நாள் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் இந்நிகழ்ச்சிகளைத் தொட்டுப் பேசினார். நகைச்சுவைக்கு நகைச்சுவையாலும், கருத்துக்குக் கருத்தாலும் விடையிறுக்க அரசும் அறியும் என்று காட்டும் முகத்தான், நீங்கள் நூடல்ஸ் கதை சொன்னால் நான் ‘மீ சியாம், மை ஹம்’ என்பேன் என்றார். சிப்பி இறைச்சி வேண்டாம் என்பது அதன் பொருள். கேட்டவர் சிரித்தனர், ஆனால், பிரதமர் எண்ணிய இடத்தில் அன்று. மீ சியாமில் சிப்பி இறைச்சி சேர்ப்பதே இல்லை. இல்லாத பண்டத்தை வேண்டாம் என்றது ஏன் என்று இணையம் பல வாரம் உரை எழுதியது, பாட்டும் கட்டியது. மீ சியாம் என்பது சயாமிய நூடல்ஸ். முந்திய ஆண்டின் யானையும் சயாமிலிருந்து வந்தது. இவ்வாண்டின் சிரிப்பும் சயாமிலிருந்து வந்தது. இதில் பாராட்டுக்குரியது ஒன்று உண்டு. நாட்டின் தலைவர் நகைச்சுவைக் களத்தில் இறங்கி ஆடித் தோற்றார். தோற்றதற்காக எவரையும் விசாரிக்கவில்லை. தேர்தல் கால ஒலிப்பதிவுத் தடையும் 2011ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன்னர்த் தளர்த்தப்பட்டது. பத்தியை இழந்தவருக்கு அது காலங்கடந்த ஆறுதல்.

2013இல் வேறொரு விதி வந்தது. மாதந்தோறும் 50,000 சிங்கப்பூர் வாசகரைப் பெறும் செய்தித் தளங்கள் தனி உரிமம் பெற வேண்டும். 50,000 வெள்ளி ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். நீக்கச் சொன்னதை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். ஜூன் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6இல் நூற்றுக்கு மேற்பட்ட வலைப்பதிவர் தம் பக்கங்களைக் கருமையாக்கினர். ஜூன் 8இல் ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் கூடியது. மக்கள் சரியானதைப் படிப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்னும் கருத்துப்பட அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றிடம் கூறிய சொற்கள், இணையத்தில் நெடுநாள் எள்ளப்பட்டன. நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலும் ஒன்று என்று மெய்ப்பாட்டியல் கூறும். இக்கூற்றில் எள்ளல் மிகுந்ததற்குக் காரணம், படிப்பவனைப் பிள்ளையாகக் கருதிவிட்டதே. இவ்வெதிர்ப்பில் முழக்கம் மிகுதி, சிலேடை குறைவு. அதனால்தானோ என்னவோ, அதன் வாசகங்கள் இன்று எவர் நினைவிலும் நிற்கவில்லை. விதி மட்டும் நின்றது.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பொய்ச்செய்திச் சட்டத்துக்கு, அதன் ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளைச் சேர்த்துப் ‘பொஃப்மா’ என்று பெயர் வழங்கியது. இச்சட்டத்தின்மேல் மக்களின் நகைத்திறம் இலக்கண வழியில் சென்றது. பெயர்ச்சொல்லாகப் பிறந்ததை அவர்கள் வினையடியாக்கிக்கொண்டனர். அவ்வினை பெரிதும் செயப்பாட்டு வினையாகவே வழங்குகிறது. ‘பார்த்துப் பேசு, பொஃப்மா பண்ணிவிடப் போகிறார்கள்’ என்று நண்பர் நண்பரைச் சீண்டும்போது, செய்பவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. தோன்றா எழுவாய்க்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் இதனை எடுத்தாளலாம். சட்டம் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் இச்சொல்லை ஒரே சிரிப்போடு ஆள்வது, அரங்கில் நடந்த வாதங்கள் எதற்கும் வாய்க்காத பொதுமை.

மீண்டும் ரயிலுக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய வகைப் பயண அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லா. எல்லாரும் ‘சிம்ப்ளிகோ’ என்னும் புதிய முறைக்கு மாற வேண்டும். பழைய முறையில் பணம் அட்டைக்குள்ளேயே இருக்கும். வாயிலில் அட்டையைத் தொட்டதும் கழிந்த கட்டணமும் எஞ்சிய தொகையும் ஒளிரும். புதிய முறையில் கணக்கு வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கும். எனவே, வாயில் எதையும் காட்டாது. அறிய விரும்புவோர் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். காட்டுவதாயின் சில நொடிகள் கூடும். வாயிலில் நெரிசல் உண்டாகும் என்பது கூறப்பட்ட விளக்கம்.

பொறியியல் நோக்கில் இதில் பிழை காண்பது அரிது. ஆயினும், ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, அட்டையில் எஞ்சியதைக் கணக்கிட்டு விடுதி திரும்பும் தொழிலாளிக்கு, வாயிலில் ஒளிரும் அந்த எண்தான் வங்கிக் கணக்கு. எடுத்தது எவ்வளவு என்று சொல்லாமல் பையில் கைவிடும் கடைக்காரரை எவரும் விரும்பார். இக்கேள்வியே மடலாகவும் கேலியாகவும் கேலிப்படமாகவும் நாடெங்கும் எழுந்தது. பெயரும் அதற்குத் துணை நின்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சு ஆங்கிலத்தில் ‘சிம்ப்ளி’ என்றால் எளிதாக என்பது மட்டும் அன்று. யோசியாமல், மனம்போனபடி என்னும் பொருளும் உண்டு. தமிழ்ச் செவிக்கோ அது இன்னும் நெருக்கமானது. நம்மவர் ஆங்கிலத்தில் ‘சிம்ப்ளி’ என்பது ‘சும்மா’ என்பதன் மறுவடிவம். ஆகவே, அரசு வைத்த பெயரைத் தமிழர் ‘சும்மா போ’ என்று பொருள்கொண்டால் அவர்மீது குற்றம் இல்லை. ‘சும்மா’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் உள்ள பொருள்கள் எத்தனை! இலவசமாக, வீணாக, வேலையின்றி, விளையாட்டாக, பேசாமல். கட்டணம் தெரியாமல் வாயிலைக் கடப்பவன் இவற்றுள் எப்பொருளில் போகிறான் என்பது அவனுக்கே ஐயம்.

ஜனவரி 22ஆம் நாள், அறிவிப்பு வந்த பதின்மூன்றாம் நாளில், போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவை மாற்றினார். பழைய முறை 2030 வரையேனும் தொடரும். அதற்கு மேலும் 4 கோடி வெள்ளி செலவாகும். சிரித்தவர் எவரும் விசாரிக்கப்படவில்லை. எவர் பத்தியும் நிற்கவில்லை. 2005இல் எட்டு அட்டை யானைக்கு ஒரு விசாரணை நடந்ததை நினைவில் வைத்திருந்தோர் இவ்வேறுபாட்டைக் கண்டனர். எனினும், இதனை வெற்றி என்று மட்டும் எழுதிவிடுதல் வரலாறு ஆகாது. அந்த 4 கோடி வெள்ளியும் பொதுமக்கள் பணமே. முதுமையடைந்த பொறிகளைத் தீனி போட்டுக் காப்பது இன்னொரு வெள்ளை யானையை வளர்ப்பது ஆகாதா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பொங்கோலோ வளர்ந்துகொண்டே செல்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ரயில்பாதை பொங்கோல் கோஸ்ட் நிலையம் வரை நீண்டது. அங்கே 50 ஹெக்டர் பரப்பில் மின்னிலக்க வட்டாரம் எழுந்துள்ளது. தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் அங்கேயே. ஓட்டுநர் இல்லாச் சிற்றுந்துச் சேவைக்கும் அவ்வூரே 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதியது எது வந்தாலும் முதலில் பார்ப்பவர் பொங்கோல்வாசிகள். அதைப் பற்றி முதலில் சிரிக்கப் போகிறவர்களும் அவர்களே. இதுவரை அச்சிரிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஹொக்கியன் கலந்த சிங்கிலீஷிலுமே பதிவாகியுள்ளது. அதே சிரிப்பைத் தேக்கா காப்பிக்கடைகளில் தமிழில் சிரித்தவர்களின் சொற்களைத் தொகுத்து வைக்கும் பணி இன்னும் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் காத்திருக்கிறது. சங்கப் பாடலுக்கு உரை கண்ட மொழியில், நேற்றைய நகைப்புக்கு ஒரு குறிப்பேனும் இல்லாதிருப்பது குறையே.

இப்போதைக்கு, லிட்டில் இந்தியா நிலையத்தில் பழைய அட்டையைத் தொட்டு ஏறிப் பொங்கோலில் இறங்குபவருக்கு, வாயில் திறக்கும் அந்த நொடியில் இரண்டு எண்கள் ஒளிர்ந்து மறைகின்றன. ஒன்று கழிந்தது, மற்றொன்று எஞ்சியது.